தண்ணீர் யாருக்கு?

"மல்லாட்டக் கொல்லைய வெட்டி எண்ணெய்க் குழாய் போட்டது எங்க ஊருல. தண்ணி பிளான்ட்டு மட்டும் தொண்டூருக்கா? இன்னா மேடம் ஞாயம் இது?"

சிங்கவரம் மகளிர் குழுத் தலைவி மீனம்பாள் எழுந்து நின்று கேட்டதில், ஒலிபெருக்கி இல்லாமலே சமுதாயக் கூடம் அதிர்ந்தது.

எண்ணெய்க் கம்பெனி மேலாளர் சேரன் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். வேர்க்கடலைக் கொல்லைகளை வெட்டிக் குழாய் பதித்த ஊர்களுக்குக் கம்பெனி ஆண்டுதோறும் ஏதாவது நல்லது செய்யும். இந்த முறை ஒரே ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். எந்த ஊருக்கு என்று முடிவெடுக்கும் பொறுப்பை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அனுவிடம் விட்டிருந்தார். பாவம், சின்னப் பெண். இந்த அம்மாளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கப்போகிறாள் என்று நினைத்தார்.

அனு முழிக்கவில்லை.

"உங்க தண்ணி உப்புதாம்மா, ஒத்துக்கிறேன். ஆனா தொண்டூர்த் தண்ணிய டெஸ்ட் பண்ணா ஃபுளோரைடு அதிகம். அதக் குடிச்சிப் பிள்ளைங்க பல்லெல்லாம் பழுப்பேறிக் கெடக்குது. மொதல்ல அவங்களுக்குத்தான்."

"நல்ல தண்ணிக்கு செஞ்சி டவுன் வரைக்கும் ஓடறோம். கொடத்தத் தூக்கிப் பாத்தாத்தான் மேடத்துக்குத் தெரியும்!"

"தெரியும்மா. அதுக்காக டெஸ்ட் ரிசல்ட்ட மாத்தி எழுத முடியாது."

"அடுத்த வருசமாவது குடுப்பீங்களா?"

"அப்பவும் டெஸ்ட் பண்ணித்தான் சொல்லுவேன். இப்பவே வாக்குக் குடுக்க மாட்டேன்."

போச்சு, கல் பறக்கப்போகிறது என்று சேரன் வாசலைப் பார்த்தார். ஆனால் ஊர்க்காரர்கள் கபடி ஆட்டம் பார்ப்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீனம்பாள் அனுவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செரி, தொண்டூருக்கே போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் படக்கென்று உட்கார்ந்தாள். பெண்கள் கை தட்டினார்கள். எதற்கு என்று சேரனுக்குப் புரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மீனம்பாளிடம் ஓடினார்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது. கொஞ்சம் விட்டுக் குடுத்துப் பேசியிருக்கலாம்."

மீனம்பாளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"விட்டுக் குடுத்திருந்தா இந்த ஊருல நான் தல நிமுந்து நடக்க முடியுமா சார்? பெத்தவளாச்சேன்னு ஒரு சொட்டு கூட்டி ஊத்தல பாத்தீங்களா, எம் பொண்ணு!"