வீடு முழுக்க டவர்

அவள் போனைக் கையில் எடுக்கவில்லை. அது கண்ணாடி மேசைமேல் கிடக்க, விரலால் ஒருமுறை தொட்டாள். வெளிச்சம் வந்ததும் விரலை இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துப் பாருங்க்கா. கடிக்காது," என்றாள் கடைப்பெண்.

"கடிக்காதுன்னு அவளுக்குத் தெரியும்," என்றார் கிட்டுச்சாமி.

அவள் கணவர். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் ஓய்வுபெற்றுவிட்டார். குரல் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

சிம் கம்பெனி மாறினால் போன் பாதி விலை. நம்பர் அதேதான். ஆனால் அந்தப் போனில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் ஓடும்.

அவளுக்கு ஸ்மார்ட்போன் வேண்டும். புனேயில் வேலைபார்க்கும் மகள் பிருந்தா, முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாள். அதை முதலில் பார்த்தது எதிர்வீட்டு சுலோச்சனா. ஸ்டேட்டஸில்.

"வெட்டுனாலும் மொகத்துக்கு நல்லாத்தான் இருக்குது," என்று ஆறுதல் வேறு சொன்னாள் சுலோச்சனா. பெற்றவள் பட்டன் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப வச்சிருக்கற சிம்முக்கு வீட்டுல டவர் கெடைக்குதுங்களாக்கா?"

"எங்க கெடைக்குது," என்றார் கிட்டுச்சாமி. "ரெண்டு பேருத்துக்கும் ஒரே கம்பெனி. மொட்டை மாடிக்கு ஏறோணும். தண்ணித் தொட்டிகிட்ட நின்னாத்தான் பேச முடியும். என்ற முழங்காலுக்கு அது ஆகாது. இவதான் போய்ப் பேசிட்டு வருவா."

"அப்ப மாத்திருங்க்கா. இது உங்க பக்கம் நல்லா எடுக்கும். ஹாலு, அடுப்படி, வீடு முழுக்க டவர்."

வீடு முழுக்க.

அவள் கை மேசையிலிருந்து இறங்கியது.

வீட்டுக்குள் இருந்து போன் பேசிய காலம் ஒன்று இருந்தது. லேண்ட்லைன் காலம். அவள் ரிசீவரை எடுத்தால், கிட்டுச்சாமி நாற்காலியிலிருந்தே பேச ஆரம்பித்துவிடுவார். யாரு? என்ன சொல்றா? அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு. குடு இங்க.

ஒருமுறை தங்கை, புருஷனோடு சண்டை என்று அழுதுகொண்டிருந்தாள். பாதியில் ரிசீவர் கை மாறியது. மீதி அழுகையைத் தங்கை கிட்டுச்சாமியிடம்தான் அழ வேண்டியிருந்தது. அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டு வைத்தார்.

மொட்டை மாடியில் அப்படியில்லை.

அங்கே அவள், காற்று, காதில் ஒரு குரல். சில நாள் பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன யோசனை?" என்றார் கிட்டுச்சாமி. "கீழயே ஒக்காந்து பேசலாம். நானும் கூட இருப்பன்."

அதுதான் யோசனை.

அவள் போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க நம்பர இந்தக் கம்பெனிக்கு மாத்தீருங்க. போன் உங்களுக்கே இருக்கட்டும். எனக்குக் கண்ணும் சரியாத் தெரியறதில்ல."

கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்ப்பவள்.

கிட்டுச்சாமி நெகிழ்ந்துபோனார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே இவள் இப்படித்தான், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று கடைப்பெண்ணிடம் சொன்னார்.

அவள் மறுக்கவில்லை.

கம்பெனி மாறியதும் ஹாலில் பிருந்தாவின் முகம் வந்தது. "அப்பா, போனைத் தள்ளிப் புடிங்க, நெத்திதான் தெரியுது," என்றாள் மகள். அவர் தள்ளிப் பிடிக்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். குட்டை முடி நன்றாகத்தான் இருந்தது. கையை அசைத்தாள். போதும். மீதியை மாடியில் பேசிக்கொள்ளலாம்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம் என்றானதும் கிட்டுச்சாமியைப் பிடிக்க முடியவில்லை. பழைய மில் சிநேகிதர்களையெல்லாம் அழைத்தார். உடுமலை மச்சானை அழைத்தார். சிலிண்டர் போடுகிறவரை அழைத்தார். முன்பு எப்போதோ தவறாக வந்த ஒரு நம்பரையும் அழைத்து, சௌக்கியமா என்று கேட்டார்.

முதலில் எல்லோரும் பேசினார்கள். பிறகு, "அப்பறம் கூப்படறனுங்க" என்றார்கள். பிறகு மணி மட்டும் அடித்தது.

ஹால் அமைதியாகிவிட்டது. மாடிக்கு ஏறும்போது அவள் பார்த்தாள். அவர் வேட்டி நுனியால் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

அன்று சாயங்காலம் பிருந்தாவிடம் பேசி முடித்துவிட்டு, இறங்கத் திரும்பினாள். கையிலிருந்த பட்டன் போன் அடித்தது.

சின்னத் திரையில் அவர் பெயர். அந்தப் போனில் அந்தப் பெயர் வந்து அவள் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க."

அவர் பேசுவது படிக்கட்டு வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. போனில் வந்த குரல் சின்னதாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. மேலதான் இருக்கறயா?"

"ஆமாங்க."

"சும்மாதான் கூப்ட்டன்," என்றார். "என்ன பண்றே?"

கடைசியாக இதை அவர் எப்போது கேட்டார் என்று யோசித்தாள்.

"சும்மா நிக்கறனுங்க. காத்து நல்லா வருது."

இப்போது குறுக்கே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க," என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப நாளா இருந்தன்."