எறும்பு கடித்தபோது

எகிப்திய மடாலயம் ஒன்றின் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, எகிப்தின் பழைய மொழியான காப்டிக்கில் உள்ள ஜெபப் புத்தகம். மற்றது, அந்த மொழி அழிந்துவிடக் கூடாதென்று அரபியில் எழுதிய காப்டிக் இலக்கணம்.

துறவி பிசென்டி ஜெபத்தை வாசித்து முடித்து எழுந்தார்.

"ஒரு தப்பில்லாம வாசிச்சார். எல்லாம் உன் தயவு," என்றது ஜெபப் புத்தகம் இலக்கணத்திடம். "நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?"

இலக்கணம் வாய் திறப்பதற்குள் துறவியின் காலில் எறும்பு கடித்தது. அரபியில் கத்தினார். அரபியிலேயே எறும்பைத் திட்டினார்.

ஜெபப் புத்தகம் கேட்டது: "என் மொழியில ஒரு வசவுகூட மிச்சமில்லையா?"

"இருக்கு. நாற்பதாம் பக்கத்துல பத்திரமா வச்சிருக்கேன்," என்றது இலக்கணம் அலுப்போடு. "எறும்பு கடிக்கும்போது யாரு புத்தகத்தைப் புரட்டுவாங்க?"