முதலில் விழுந்த பூ

தனிஸ்லாஸ் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். பியரில் கசப்புக்கு ஒன்று, வாசத்துக்கு ஒன்றாகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களில் எதை எப்போது போடுவது என்று சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். கசப்புப் பூ சீட்டை எட்டிப் பார்த்தது. கொதி வந்ததும் தன்னைப் போட்டு ஒரு மணி நேரம் வேகவிட வேண்டுமாம்.

வாசப் பூ சிரித்தது. "நான் ரசத்துக்கு மல்லித்தழை மாதிரி, அடுப்பை அணைச்சதும் ஒய்யாரமா இறங்குவேன். அதுக்குள்ள உன் வாசமெல்லாம் ஆவியாப் போயிருக்கும். உன்னையும் கடைசியில போடச் சொல்லிக் கெஞ்சு, போ."

"கெஞ்சுறதா? நானா?" என்று கசப்புப் பூ சீறியது. "என்னைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறியட்டும். என் கசப்பை எவன் தூக்கி எறியுறான்னு பார்க்கிறேன்!"

பானை கொதித்தது. அவர் கை நீள்வதற்குள் கசப்புப் பூ தானே உள்ளே குதித்தது.

இரண்டு பூவின் சக்கையும் குப்பைக்குப் போய் மூன்று வாரம் ஆனது. பியர் தயாரானதும் தனிஸ்லாஸ் கிளாஸில் ஊற்றி மோந்து பார்த்து, "வாசம் ஆளைத் தூக்குது!" என்றார். மடமடவென்று குடித்துக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். வாசம் அதோடு போயிற்று.

அவருடைய அடிநாக்கில் மட்டும் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"நான் இன்னும் எழுந்திரிக்கலை," என்றது.