குச்சி வைத்த கேக்

பிரசன்னா வீட்டுக்குள் நுழைந்தபோது சுப்ரியா ஒரு முழு கேக்கை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

சரியாக வேகவில்லை போல என்று நினைத்தான். வெந்துதான் இருந்தது. நடுவில் குழி விழாமல், ஓரம் கருகாமல், அவள் இதுவரை செய்ததிலேயே உருப்படியான கேக் அது. அதைத்தான் மிஞ்சின இட்லியை உப்புமாவுக்கு உதிர்ப்பதுபோல் தாம்பாளத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக் பாப். க்ரீம் விட்டுப் பிசைஞ்சு, உருட்டி, குச்சியில குத்தணும். கை கழுவிட்டு வா, நீயும் உருட்டு."

முழுசாக இருந்ததை உடைப்பானேன், உடைத்ததை மறுபடி உருட்டுவானேன். வேறு நாளாக இருந்தால் கேலி செய்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான்.

ஆபீஸிலிருந்து ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

மதியம் மாதாப்பூர் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் குழந்தைகள் இல்லத்து மேடம் போன் செய்தார். நாளை வளர்ப்பு மகளாக இவர்கள் வீட்டுக்கு வரவேண்டிய அனுபமா வரமாட்டாள். நல்கொண்டாவிலிருந்து அவளுடைய சொந்த அத்தை வந்து நிற்கிறாள். பிள்ளை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தவளாம். நாளைக் காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறாள்.

"அர்த்தம் சேசுகோண்டி சார்" என்றார் மேடம், புரிந்துகொள்ளச் சொல்லித் தெலுங்கில்.

அர்த்தமாகாமல் என்ன. சொந்த ரத்தம் வந்து நின்றால் பிள்ளை அதற்குத்தான். நியாயம்தான். நியாயம் என்பதற்காக வலிக்காமல் இருந்துவிடுமா?

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இவளிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒன்று தெரியாமல் துர்கம் செருவு ஏரிக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் வார்த்தை எதுவும் அகப்படாமலேயே பாலாநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

கை கழுவிவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

அவன் உருட்டியதெல்லாம் விரிசல் விட்டது. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, உள்ளங்கையில் அழுத்தி, மறுபடி உருட்டினாள்.

"முந்திரி தூவலாமான்னு சந்தேகமா இருந்துச்சு. இல்லத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

அவன் கை நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் சாப்பிடுவாளாம்."

சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பில் உருகிக்கொண்டிருந்த சாக்லேட்டைக் கிளறினாள். போனை இல்லத்து ஆயா எடுத்திருப்பாள், ஆயாவுக்கு விஷயம் தெரிந்திருக்காது என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

போன முறை பார்க்கப் போனபோது அனுபமாவிடம் லட்டு நீட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குச்சி மிட்டாயை மட்டும் வாங்கினாள். தின்னவும் இல்லை, விடவும் இல்லை. சுப்ரியாவின் மடியில் தூங்கிப்போன பிறகும் அந்தக் குச்சியை அவள் விரல்கள் விடவில்லை. மூன்று வயதுக்கு அது என்ன பிடியோ. சுப்ரியா மனதில் இந்தப் பலகாரம் முளைத்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"குச்சி இருந்தா விடாம பிடிச்சுக்குவா" என்றாள், ஒவ்வொரு உருண்டையிலும் குச்சியைச் செருகிக்கொண்டே.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

"சுப்ரியா."

"ம்."

"ஒண்ணுமில்ல."

அவளும் என்ன என்று கேட்கவில்லை. உருண்டைகளை சாக்லேட்டில் முக்கி, முந்திரிப் பொடி தூவி, ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்தினாள்.

அந்தத் தெர்மாகோலை அவனுக்குத் தெரியும். குழந்தைக் கட்டிலோடு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே அந்தக் கட்டிலை மாட்டி முடித்தார்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அவன்தான் பரணில் போட்டான். இதற்காக ஸ்டூல் போட்டுப் பரண் ஏறியிருக்கிறாள். எவ்வளவு ஆசை இருந்தால் ஏறியிருப்பாள்.

"இதைச் சின்ன ரூம்ல ஃபேனுக்குக் கீழ கொண்டுபோய் வை. சாக்லேட் இறுகட்டும்."

அந்த அறைக்குள் போகத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. காலையில் ஆபீஸ் கிளம்பும்போதுகூட எட்டிப் பார்த்தான். மஞ்சள் விரிப்பு போட்டு, ஒரு குட்டித் தலையணையும் வைத்து, கட்டில் தயாராக நின்றது.

தெர்மாகோலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளினான்.

கட்டில் இல்லை.

அது நின்ற இடத்தில் அதன் அட்டைப்பெட்டி நின்றது. கால்களையும் கம்பிகளையும் கழற்றி உள்ளே அடுக்கி, மேலே பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. இருவர் சேர்ந்து அரை நாள் மாட்டியதை ஒருத்தியாகக் கழற்றியிருக்கிறாள். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் திறந்திருந்தது. அவன் கையில் இருக்கும் தெர்மாகோல் போய் உட்கார வேண்டிய பக்கம் அது.

ஃபேன் போட மறந்து அப்படியே நின்றான். அவளும் இவ்வளவு நேரம் இவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"போன் பண்றதுக்கு முன்னாடியே கேக் வெந்துடுச்சுப்பா" என்று அங்கிருந்தே சொன்னாள். "காலையில நேரத்தோட போனா பஸ் ஏறுறதுக்குள்ள குடுத்துடலாம். குச்சி இருக்குல்ல. நல்கொண்டா வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போவா."