விடுபட்ட இடைவெளி

“யார் பண்ணின வேலை இது?”

நீரஜா கேட்ட வேகத்தில், ஸ்ரீவத்சன் டிபன் டப்பாவைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான். அந்த அடையாறு கம்பெனியில் அவன் சேர்ந்து எட்டு மாதம். அதில் ஏழரை மாதமாக, வேலையைத் தவிர வேறு ஏதாவது ஒரு வார்த்தை அவளிடம் பேசிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பேச்சு இப்படியா ஆரம்பிக்க வேண்டும்?

அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள். விக்கி என்று ஆபீசுக்குள் அவளே ஏற்படுத்தி வைத்திருந்த பொதுப் பக்கங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். எழுதியவர் பெயர் வராது, நேரம் மட்டும் வரும்.

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை இடைவெளி விடாமல் சேர்த்து அடித்தால், அதுவே ஒரு புதுப் பக்கத்துக்கு லிங்க் ஆகிவிடும். அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் ஆரம்பிக்கவில்லை என்றால் லிங்க்கின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டியூட்டி பட்டியலில், வியாழக்கிழமைக்கு நேரே, நீல நிறத்தில் அடிக்கோட்டோடு மின்னியது: ‘நீரஜாஸ்ரீவத்சன்?’

“இன்னாத்துக்கு மச்சி கேள்விக்குறி? பத்திரிகையே அடிச்சிடலாம்!” என்று பின் வரிசையிலிருந்து ஆனந்தகுமார் குரல் கொடுக்க, ஆபீசே சிரித்தது.

“சத்தியமா நான் இல்லை. யாரோ ஸ்பேஸ் விட மறந்திருக்கா.”

“கீழ பாருங்கோ. கடைசித் திருத்தம் எட்டு இருபது.”

“எட்டு இருபதுக்கு நான் மந்தைவெளியில பல் தேய்ச்சிண்டிருந்தேன்!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. எட்டு மணிக்கே வந்து ஷட்டரைத் திறக்கறேனே, இந்தக் கூத்தைப் பாக்கறதுக்கா? பதினோரு மணிக்கு எம்.டி. வந்ததும் இந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். அதுக்குள்ள என்ன பண்ணணுமோ நீங்களே பண்ணுங்கோ.”

விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. ஸ்ரீவத்சன் கர்சரைக் கொண்டுபோய் வைத்தான். விரல்தான் இறங்க மறுத்தது.

அவன் பையில் ஒரு வாரமாக ஒரு ஃப்ளாப்பி கிடந்தது. உள்ளே அவனுடைய ஜாதகம். பம்பாயில் நல்ல இடம், மெயிலில் அனுப்பு என்று அம்மா தி.நகரில் ஸ்கேன் செய்து வாங்கிக் கொடுத்தது. “இன்னிக்கு அனுப்பலைன்னா ஆத்துக்கு வராதே” என்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள்.

மணி பத்தரை. இன்று விட்டால் பம்பாய்தான்.

கேள்விக்குறியை அழுத்தினான். வெள்ளை வெளேரென்று ஒரு புதுப் பக்கம் திறந்தது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஒன்றும் எழுதாமல் ஃப்ளாப்பியைச் செருகி, ஜாதகத்தை அந்தப் பக்கத்தில் அட்டாச் செய்தான். டிரைவ் போட்ட கரகரச் சத்தம் திருவான்மியூர் வரை கேட்டிருக்கும் என்று தோன்றியது. பட்டியலில் கேள்விக்குறி மறைந்தது.

தூரத்தில் நீரஜா மவுஸை நகர்த்துவது தெரிந்தது. திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஏதோ தட்டினாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

போச்சு. எம்.டி.யை வாசலிலேயே பிடித்துப் புகார் சொல்லப் போகிறாள். வேலையும் போகும், மானமும் போகும். அழித்துத் தொலைத்துவிடலாம் என்று ஸ்ரீவத்சன் அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

அதில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. இரண்டாவது, நீரஜாவின் ஜாதகம்.

வராந்தாவுக்கு ஓடினான். ஜன்னலோரம் அவள் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

என்னென்னவோ சொல்ல நினைத்தவனுக்கு வாயில் வந்தது இதுதான்: “எம்.டி. வரதுக்குள்ள அந்த லிஸ்ட்ல ஸ்பேஸைப் போட்டுடறேன்.”

நீரஜா திரும்பினாள்.

“கஷ்டப்பட்டு நான் எடுத்த ஸ்பேஸை நீங்க எதுக்குத் திரும்பப் போடறேள்?”