மூன்றாவது நிதி

"எல்லாரும் வந்தாச்சா? ஒருத்தர் குறைஞ்சாலும் கவரைப் பிரிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

நூலக அறையில் அப்போது இருந்தவர்கள்: கவரைப் பிடித்திருந்த நெட்டையர், மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்த சமையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்கத் தையல்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்த கணக்கர்.

நெட்டையருக்கு நாற்பத்தேழு வயது. இறையியல் கல்லூரியில் படித்துப் போதகர் ஆக வேண்டும் என்பது இருபது வருட ஆசை. போன மாதம் இடம் கிடைத்துவிட்டது. பணம்தான் இல்லை. அவர் மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: "வீடு என் சம்பளத்துல ஓடும். மூணு வருஷத்துக்கும் முழுசா உதவித்தொகை வந்தா தாராளமாப் போய்ப் படிங்க. ஒத்தக் காசு குறைஞ்சாலும் வாயை மூடிக்கிட்டு டூட்டிக்குப் போங்க. பசங்களுக்குச் சேர்த்து வச்சதைத் தொட்டீங்க, கடவுளே வந்து கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன்."

காலையில் வந்த கவர்; உதவி கேட்டுப் போட்ட மூன்று விண்ணப்பங்களுக்கும் கல்லூரி சேர்த்து அனுப்பிய பதில். வீட்டில் பிரிக்கப் பயந்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

"சட்டுனு கிழிங்கண்ணே, அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் சமையல்காரர்.

"கிழிக்காதீங்க, ஓரமாப் பிரிங்க" என்றார் தையல்காரர். "அவசரப்பட்டா உள்ள இருக்கிறதும் சேர்ந்து கிழியும்."

"ஆமா, இவரு கடிதாசிக்கும் தையல் பிரிப்பாரு!"

நெட்டையர் கவரைக் கணக்கரிடம் நீட்டினார். "நீயே படிப்பா. எழுதினவன் நீதானே."

உண்மைதான். கணக்கருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எந்தச் சபை எவ்வளவு தரும், எந்த நிதிக்கு எது கடைசித் தேதி, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் தள்ளிவிடுவார்கள், எல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தன. மூன்று விண்ணப்பங்களும் அவர் கைவண்ணம். 'இறை அழைப்பை உணர்ந்தது எப்படி?' என்ற கேள்விக்கு மட்டும் நெட்டையர் சொந்தமாக எழுதியிருந்தார்: 'மேற்படி தேதியில் மாலை 4.10 மணிக்கு அழைப்பு வரப்பெற்றது. உடனே கீழ்ப்படியப்பட்டது. வேறு அசம்பாவிதம் இல்லை.'

"என்னண்ணே இது?" என்றார் கணக்கர் அன்றைக்கு. " கடவுள் கூப்பிட்டதை எழுதச் சொன்னா, களவு போனதை எழுதின மாதிரி இருக்கு!"

"இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் எழுதுறேன். கை பழகிப்போச்சு."

"அப்படியே இருக்கட்டும். படிக்கிறவன் சிரிப்பான். சிரிச்சவன் இல்லைன்னு சொல்ல மாட்டான்."

இப்போது கணக்கர் கவரைப் பிரித்துப் படித்தார். "சபை உதவி. கட்டணத்துல பாதி."

"பாதிதானா? போச்சு. நான் போறேன்" என்று எழுந்தார் நெட்டையர். தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ரெண்டாவது, மூத்த மாணவர் உதவி. விடுதியும் சாப்பாடும்."

"சாப்பாடு யார் சமைப்பாங்க?" என்றார் சமையல்காரர். "கேட்டுச் சொல்லுங்க, எனக்கு மனசு கேக்காது."

"யோவ், சும்மா இரு! மூணாவது?"

கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சொல்லித் தொலையேன்யா!"

"மூணாவது, நினைவு நிதி. மீதிக் கட்டணம் மொத்தமும். புத்தகத்துக்குத் தனியா. மூணு வருஷத்துக்கும்ணே!"

சமையல்காரர் மேசையில் அடித்த அடியில் மாவு புகையாகக் கிளம்பியது. தையல்காரர் நாற்காலியில் ஏறி, நெட்டையரின் தோளிலிருந்து கணுக்கால் வரை நாடாவை ஓடவிட்டார். "அங்கிக்கு அளவுண்ணே! ரெண்டு ஆள் துணி போகும்."

"துணிக்கும் ஏதாவது நிதி இருக்கான்னு கணக்கரைக் கேளுய்யா!"

நெட்டையர் கணக்கரை அப்படியே அலாக்காகத் தூக்கிச் சுற்றினார். கண்ணாடி பறந்துபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. நான்கு வளர்ந்த ஆண்கள் தரையில் தவழ்ந்து, விழுந்து விழுந்து சிரித்தபடி அதைத் தேடினார்கள்.

"ஆமா, அந்த மூணாவது நிதியில சல்லிக்காசு கிடையாது, அது காலியாகி வருஷக்கணக்காச்சுன்னு கேட்ட இடத்துல எல்லாம் சொன்னாங்களே" என்றார் நெட்டையர், மூச்சுவாங்க. "நீதானே 'இப்ப பணம் இருக்கு, தைரியமாப் போடுங்க'ன்னு அடிச்சுச் சொன்ன? உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்ணே."

"அதான் எப்படி?"

மணி அடித்தது.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. மூவரும் எழுந்து, உடம்பைத் தட்டிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். நெட்டையர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நீளமான நடைபாதையில் நான்கு பேரும் நடந்தார்கள். சமையல்காரர் ஒரு கதவுக்குள் போனார். தையல்காரர் அடுத்ததற்குள். கணக்கர் கடைசிக் கதவின் முன்னால் நின்று, சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

"அந்தக் கல்லூரிக்கு நான்தான் காசாளரா இருந்தேன், சார். அந்த நிதியை வழிச்சுத் தின்னவனும் நான்தான். என் வீட்டை வித்து ஒத்தக் காசு பாக்கி இல்லாம அதுல திருப்பிக் கட்ட வச்சுட்டுத்தான் கோர்ட்டுல ஏழு வருஷம் போட்டாங்க."

நெட்டையர் ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்து, "அப்ப என் படிப்புக்குச் செலவு பண்றது நீதானாய்யா!" என்று அவர் தோளில் ஓங்கித் தட்டி உள்ளே அனுப்பி, கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.