துண்டு போட்ட இடம்

“அந்த ஆளை இங்குட்டு உட்கார வைக்காதே. அங்குட்டு எங்கேயாவது போய்த் தொலையட்டும்.”

சேவுகப்பெருமாள் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். கால்பந்துக் கழகச் செயலாளர் முகேஷ் கையைப் பிசைந்தான்.

கேலரிப் படிக்குக் கீழே கோட்டைச்சாமி நின்றுகொண்டிருந்தார். நரைத்த தலையில் வெயிலுக்கு ஒரு கைக்குட்டை. மேலே வரவும் இல்லை, போகவும் இல்லை.

“பெரியப்பா, அவரும் உங்க செட்டுதானாமே? ஏகப்பன் நினைவுக் கோப்பைன்னு பேரு வச்சுக்கிட்டு, ஏகப்பனோட கூட்டாளியை விரட்டுனா நல்லாவா இருக்கும்?”

“கூட்டாளியா? இழவுக்கு வராதவன்டா அவன்.”

காரைக்குடிப் பக்கம் பந்து உதைக்கிற எல்லோருக்கும் ஏகப்பன் செத்த கதை தெரியும். அப்போதெல்லாம் இந்தப் பொட்டலில் சிமெண்ட் கேலரி கிடையாது. சவுக்குக் கம்பு நட்டு, பலகை கட்டியிருப்பார்கள். சிவகங்கை அணியோடு இறுதி ஆட்டம். கூட்டம் தாங்காமல் கேலரி சரிந்தது. சரிந்த பலகைகளுக்குள் சிக்கிச் செத்தவர்களில் ஏகப்பனும் ஒருவன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகுசுந்தரம் செட்டியார் பேச்சை மாற்றினார்.

“பனியன்ல கரியால பத்துன்னு எழுதிக்கிட்டு அலைவீகளே. மூணு பேருக்கும் பத்தாம் நம்பர்தான் வேணும்.”

“வேர்த்தா அழிஞ்சிரும்” என்றார் சேவுகப்பெருமாள். அவரை அறியாமல் சிரிப்பு வந்தது. “ஏகப்பனுக்கு மட்டும் அழியாது. விளக்கெண்ணெயில குழைச்சு எழுதுவான். அவுக ஆத்தா விளக்குமாத்தோட வெரட்டும்.”

“டிவி பாக்க எங்க வீட்டுக்குத்தான வருவீக. கோல் விழுந்தா, அப்பச்சி தூங்குதுன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சத்தமில்லாமக் குதிப்பீக.”

இருவரும் சிரித்தார்கள்.

“ஆமா, அன்னைக்கு ஏகப்பன் மட்டும் எப்படி முன்னாடியே வந்து மேல ஏறினான்?”

“டீ வருதான்னு பாருங்க செட்டியாரே.”

அந்தப் பேச்சு வந்தால் சேவுகப்பெருமாளுக்கு எப்போதும் டீ வேண்டும்.

அவர் வீட்டுக்கு எதிர் வீடுதான் ஏகப்பன் வீடு. மகன் போன பிறகு அந்த ஆத்தா இவரைத்தான் மகனாகப் பாவித்தது. கறி எடுத்தால் ஒரு கிண்ணம் தெருவைத் தாண்டி வந்துவிடும். போன ஆடியில் கண்ணை மூடியபோது கொள்ளி வைத்ததும் இவர்தான்.

கோட்டைச்சாமி அடுத்த ஊர்க்காரர். ஏகப்பனைத் தூக்கும்போது வரவில்லை. கருமாதிக்கு வரவில்லை. அப்புறம் இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. இன்றைக்கு வந்து நிற்கிறார்.

“கிழவி போனதும் தைரியம் வந்திருச்சு பாருங்க” என்றார் சேவுகப்பெருமாள்.

கோப்பை கொடுக்க ஏகப்பனின் தங்கை காளியாயி ஆட்டோவில் வந்து இறங்கினாள். படியருகே கோட்டைச்சாமியைப் பார்த்ததும் நின்றாள்.

“வாங்கண்ணே. வரச்சொல்லித் தாக்கல் அனுப்புனேன், வரமாட்டீகளோன்னு இருந்தேன். மேல வாங்க.”

சேவுகப்பெருமாளுக்குப் பொறுக்கவில்லை.

“காளியாயி, இவனை நீயா கூப்பிட்ட? ஒங்கண்ணன் மூஞ்சியைக் கடைசியாப் பாக்கக்கூட வராத பயலை?”

“வந்தாகண்ணே” என்றாள் காளியாயி. “ஆம்பளைக எல்லாம் சுடுகாட்டுக்குப் போன பிறகு பின்வாசல் வழியா வந்தாக. ‘முன்னாடியே போய்த் துண்டு போட்டு இடம் பிடிடான்னு ஏகப்பனை அனுப்புனது நான்தான்’னு ஆத்தா கால்ல விழுந்தாக. ஆத்தா மண்ணை வாரித் தூத்திருச்சு. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் என் கண்ணுல முழிக்காதேன்னு சொல்லிருச்சு. இவுகளும் முழிக்கலை. வெளியில சொல்ல வேணாம்னு ஆத்தா எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிருச்சு. சின்ன வயசுல செஞ்சது. இன்னும் எம்புட்டு நாளைக்குண்ணே?”

சேவுகப்பெருமாள் கோட்டைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தத் துண்டு சிவப்புக்கரை போட்டது. சேவுகப்பெருமாளுடைய அப்பாவின் துண்டு. ‘மேல் பலகையில போடு, வெயில் தாழ வாரேன்’ என்று ஏகப்பன் தோளில் போட்டு, முதுகில் தட்டி அனுப்பியது சேவுகப்பெருமாள்தான். கோட்டைச்சாமி பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

அதைப் பற்றித் தன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்காததை, இத்தனை காலமும் சாமி புண்ணியம் என்றுதான் நினைத்திருந்தார்.

முகேஷ் காளியாயியைக் கோப்பை மேசைக்கு அழைத்துப் போனான். விசில் ஒலித்தது. ஆட்டம் தொடங்கியது. கோட்டைச்சாமி மேலே ஏறி வந்து, உட்காராமல் நின்றார்.

சேவுகப்பெருமாள் பக்கத்துச் சிமெண்ட் படியை உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

கோட்டைச்சாமி உட்கார்ந்தார்.

“ஏன்டா அப்படிச் சொன்னே?”

கோட்டைச்சாமி பந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கு அடுத்த ஊரு, வராம இருந்துக்கலாம். ஒனக்குக் காலையில கதவைத் திறந்தா எதுத்த வாசல்ல அந்த ஆத்தா. நீ எங்கிட்டுடா போவே?”